பிறர் பிள்ளைக்குத் திறக்கும் கதவு

ரோச்டேல் நகரின் பெயரைக் கேட்டறியாத கூட்டுறவாளர் நம்மில் இரார். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், டோட் லேன் என்னும் தெருவில், நெசவாளரும் பிற தொழிலாளருமான 28 பேர் கூடி, வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் மெழுகுவர்த்தியும் கொண்டு ஒரு சிறு கடையைத் திறந்த வரலாறு நம் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது வழக்கம். ஆனால் அதே லங்காஷயர் நெசவு நகரங்களில் அந்நாளில் வேரூன்றியிருந்த மற்றொரு வழக்கத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆலைத் தறிகளில் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். மணமாகிக் குழந்தை பெற்ற பின்னும் அவர்களில் பலர் தறியை விடவில்லை. விட்டால் குடும்பம் நடவாது. ஆகவே விடியற்காலையில் கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துச் சென்று, பாட்டியிடமோ அண்டை வீட்டுக்காரியிடமோ ஒப்படைத்துவிட்டு ஆலைக்கு ஓடினார்கள். அண்டை வீட்டுக்காரிக்கு வாரக் கூலி உண்டு.

நமது கைத்தறி வீடுகளில் தூளி தறிக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. நாடா ஓடி ஓயும் வேளையில் தாய் அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மீண்டும் வேலையைப் பார்க்கிறாள். ஆலை வந்த ஊரில் தூளிக்கு இடமில்லாமற் போயிற்று. அதனால் பிறந்த தொழிலே பிறர் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில். இங்கிலாந்தில் இத்தொழில் செய்பவரைச் 'சைல்டுமைண்டர்' என்கிறார்கள். குழந்தைக் காப்பாளர் என்று நாம் கூறலாம்.

தொடக்கக் காலத்தில் இத்தொழிலுக்கு நற்பெயர் இருந்ததென்று சொல்வதற்கில்லை. அழுகின்ற சிசுவை அடக்க அபின் கலந்த பாகு புகட்டும் கொடுமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பரவலாக இருந்தது. 'காட்ஃப்ரேயின் கார்டியல்' என்ற பெயரில் அப்பாகு கடைகளிலேயே விற்கப்பட்டது. கூலிக்குக் குழந்தை வளர்ப்போரைக் கண்காணிக்க 1872-இல் ஒரு சட்டம் வந்தது. பகற்பொழுதில் மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் உள்ளூர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற விதி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளையும் இதற்குள் கொணர்ந்தது. 2001 முதல் பதிவும் ஆய்வும் 'ஆஃப்ஸ்டெட்' எனப்படும் மத்திய ஆய்வு ஸ்தாபனத்தின் பொறுப்பில் உள்ளன. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வேறு விதிகள் உண்டு. இங்கே கூறுவன இங்கிலாந்துக்கே பொருந்தும்.

இப்பதிவைப் பெறுவது எளிதன்று. பச்சிளங்குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டில் வசிக்கும் 16 வயதிற்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் பற்றிக் குற்றப் பதிவேடுகளில் விசாரணை நடைபெறும். கணவனும் வயது வந்த மகனும் கூட இதற்கு விலக்கல்லர். பின்னர் ஆய்வாளர் ஒருவர் வீட்டிற்கே வந்து, மாடிப்படியையும் சமையலறையையும் தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளையும் பார்த்து, கேள்விகள் பல கேட்டுச் செல்வார். எல்லாம் சரியாயிருந்தால் பதிவுச் சான்று கிடைக்கும். இவ்வளவும் பயிற்சி நூல்களில் விரிவாகக் கிடைப்பவை. சான்று கைக்கு வந்த மறுநாளைப் பற்றித்தான் அவை குறைவாகக் கூறுகின்றன.

அந்த மறுநாள் வீடு மௌனமாயிருக்கும். தரையில் புதிய விரிப்பு, சுவரோரம் கழுவி அடுக்கிய விளையாட்டுச் சாமான்கள், கதவருகே சட்டமிட்டு மாட்டிய சான்று. குழந்தை மட்டும் இல்லை. தறி பூட்டி, பாவு வாங்க ஆள் வராமல் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் நிலைமை நமக்குத் தெரியும். அதே நிலைமைதான் இதுவும். பழைய வேலையை விட்டு வந்தவளுக்குச் சம்பளம் நின்றுபோய்ச் சில மாதங்கள் ஆகியிருக்கும். வீட்டுக் கடனின் மாதத் தவணை நிற்காது. இந்த வேளையில் வாயிற்கதவைத் தட்டும் முதல் குடும்பத்தை ஒருத்தி எவ்வாறு ஏற்கிறாள் என்பதைப் பொறுத்தே அவளுடைய தொழிலின் முதல் ஆண்டு அமைகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். லங்காஷயர் நகரொன்றில் வரிசை வீட்டில் வசிக்கும் ஒரு பெண்மணி. அவளுக்கு ஆறு வயதில் பள்ளி செல்லும் மகளும், மூன்று வயதில் மகனும் உண்டு. விதிப்படி ஒரு காப்பாளர் ஒரே சமயத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகளையே வைத்திருக்கலாம். அவர்களுள் பள்ளி வயதை எட்டாத இளங்குழந்தைகள் மூவருக்கு மேல் பொதுவாக இருத்தலாகாது. ஒரு வயது நிரம்பாத சிசு ஒன்றே இருக்கலாம். சொந்தப் பிள்ளைகளும் இக்கணக்கில் அடக்கம். ஆகவே நம் பெண்மணியிடம் விற்பனைக்குள்ள சரக்கு மிகச் சிறியது. இளங்குழந்தைகளுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. அவற்றுள் சிசுவுக்கு உரியது ஒன்று. பள்ளி விட்டபின் வரும் பெரிய பிள்ளைகளுக்கு மேலும் இரண்டு இடங்கள் உள்ளன. நெசவாளி இன்னும் இரண்டு முழம் கூட்டி நெய்து நஷ்டத்தைச் சரிக்கட்டலாம். இவளால் அது இயலாது.

முதலில் வருபவர்கள் எவ்வாறு வருகிறார்கள்? உள்ளூர் மன்றங்கள் குழந்தைக் காப்பு வசதிகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தகவல் தரக் கடமைப்பட்டவை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு விதிக்கிறது. அந்த மன்றத்தின் பட்டியலில் பெயர் இடம்பெறும். நூல்நிலையத்தில் ஒரு சீட்டு ஒட்டலாம். ஆனால் பெரும்பாலும் பள்ளி வாயிலில் நிற்கும் தாய்மார்களின் வாய்மொழியே வேலை செய்கிறது. புதிதாகப் பதிவு பெற்றவருக்கு ஒரு தனிக் குறை உண்டு. முதல் ஆய்வு பொதுவாகப் பதிவுக்குப் பின் சில காலம் கழித்தே நடைபெறும். அதுவரை அவரைப் பற்றி எந்த ஆய்வறிக்கையும் இராது. முதல் பெற்றோர் அறிக்கையைப் படித்துவிட்டு வருவதில்லை. அந்த வீட்டையும் அந்த முகத்தையும் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

நம் பெண்மணியைத் தேடி முதலில் வந்தவள் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். நல்லவள், நேர்மையானவள், குழந்தையும் சாதுவானது. அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. ஆனால் எந்த மூன்று நாள் என்பது வாரந்தோறும் மாறும். மூன்று நாட்களுக்குப் பணம் தருவாள். கேட்டவுடன் நியாயமாகவே தோன்றும். உண்மையில், எந்த நாளையும் வேறொருவருக்குக் கொடுக்க இயலாதாகையால், ஐந்து நாட்களையும் மூன்று நாள் விலைக்கு விற்றதாக முடியும். பயத்தினால் இதற்குச் சம்மதித்துவிட்டு ஓராண்டு அவதிப்படுவோர் புதியவர்களில் உண்டு. பூட்டி வைக்கப்படும் நாட்களுக்கும் ஒரு கட்டணம் கேட்டல், அல்லது குறித்த நாட்களை மட்டும் தந்து மீதிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுதல் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் நேர்மையாகச் செய்ய முடியும். இரண்டும் ஒவ்வாதெனில் மறுத்துவிட வேண்டும். மறுப்பது கொடுமையாகத் தோன்றும். ஆறு மாதம் கழித்து, வேறு வழியின்றி நடு ஆண்டில் அக்குழந்தையை நிறுத்துவது அதனினும் கொடுமை என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாவதாக வந்த தாய் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களைக் கேட்கிறாள். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. சிசுவுக்கு ஒன்பது மாதம். கணக்கு விளங்குவதற்காக மணிக்கு 6 ஸ்டர்லிங் பவுன் என்று கட்டணம் வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு 30 மணி, 180 பவுன். ஐந்து நாளும் வரும் குழந்தையாயிருந்தால் 50 மணிக்கு 300 பவுன் வரும். ஆகவே திங்களும் வெள்ளியும் காலியாகக் கிடந்தால் வாரம் 120 பவுன் குறைகிறது. திங்களையும் வெள்ளியையும் மட்டும் கேட்டு வரும் குடும்பம் அபூர்வமாகவே கிடைக்கும். அதற்காக ஐந்து நாள் குழந்தை வரும் வரை காத்திருக்கலாமா? கூடாதென்றே நான் கூறுவேன். ஓராண்டு நிரம்பியதும் இக்குழந்தை சிசுக் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மூன்றே மாதத்தில் சிசுவுக்குரிய இடம் மறுபடி திறக்கும். மேலும், ஒரு குழந்தை வந்து போகும் வீட்டிற்குத்தான் அடுத்த குழந்தை வருகிறது. இதனையும் கணக்கில் ஒரு வரவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

விலையைக் குறைக்கும் ஆசை

இங்கே ஒரு சோதனை எழுகிறது. தாய் தயங்குகிறாள், பதிவு புதிது, அறிக்கை இல்லை. நாலரைப் பவுனுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். மணிக்கு ஒன்றரைப் பவுன் அற்பமாகத் தோன்றுகிறது. வாரத்திற்கு அது 45 பவுன். ஆண்டில் 46 வாரம் என்று கொண்டால் 2,070 பவுன். உணவு, சூடேற்றும் செலவு, இன்ஷூரன்ஸ், தேய்ந்துபோகும் விரிப்பு, வருமான வரி யாவும் மீதியிலிருந்துதான் போக வேண்டும். அடக்க விலைக்குக் கீழே துண்டை விற்றுச் சந்தையைப் பிடித்த சங்கங்கள் பின்னர் விலையை ஏற்ற முயன்று பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். ஏற்றினால் பழைய வாடிக்கை கோபித்துக்கொள்கிறது. ஏற்றாவிட்டால் முதலே கரைகிறது. குழந்தை விஷயத்தில் இச்சங்கடம் இன்னும் அதிகம். ஏனெனில் அதற்குள் அந்தப் பிள்ளை அவள் மடியில் தூங்கப் பழகியிருக்கும்.

கட்டணத்தைவிட அதிகச் சச்சரவு விளைவிப்பவை கட்டணத்தைச் சுற்றியுள்ள சிறு விஷயங்கள். குடும்பம் ஐந்து வாரம் விடுமுறை சென்றால் பணம் உண்டா? இல்லையெனில் 900 பவுன் போயிற்று. காப்பாளரே நோயுற்றால் என்ன செய்வது? குழந்தைக்குக் காய்ச்சலென்று வராத நாளுக்கு என்ன கணக்கு? இரண்டு மாதம் கழித்து வரப்போகும் சிசுவுக்காக இடத்தைக் காலியாக வைத்திருந்தால் அதற்குப் பாதிக் கட்டணம் கேட்கலாமா? இவை எல்லாவற்றையும் முதல் நாளுக்கு முன்பே எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். நான்கு வார முன்னறிவிப்பின்றி எவரும் விலகலாகாதென்று எழுதுவது அங்கே பெரும்பான்மை வழக்கம். தாமதத்தையும் எழுத வேண்டும். மாலையில் ஒரு கால் மணி நேரம் தாமதமாக வந்து குழந்தையை அழைத்துச் செல்வதை யார் குற்றமாக நினைப்பார்கள்? வாரம் மூன்று நாளுக்கு முக்கால் மணி. 40 வாரத்தில் 30 மணி. ஒரு முழு வார வேலை இலவசமாகப் போயிற்று. அந்தக் கால் மணிகளில் அவளுடைய சொந்தப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவதில் புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். ரோச்டேல் முன்னோடிகள் கடனுக்கு விற்பதில்லை என்று வைத்த விதி கல்நெஞ்சத்தால் வைத்ததன்று. கடனால் முன்பு சங்கங்கள் கவிழ்ந்ததைக் கண்டவர்கள் வைத்தது. ஒரு மாத நிலுவை ஏறிவிட்ட பின், பிள்ளையை நிறுத்துவதா பணத்தை விடுவதா என்று திண்டாடுவதைவிட, முதல் தேதியிலேயே கேட்டுவிடுவது இரு தரப்பாருக்கும் நட்பைக் காக்கும்.

அரசாங்கப் பணமும் இப்போது இதில் கலந்திருக்கிறது. வேலை செய்யும் பெற்றோரின் குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் முதலே வாரம் 30 மணி நேரக் காப்புக்கான செலவை அரசே ஏற்கும் திட்டம் 2025 செப்டம்பரில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. பணம் உள்ளூர் மன்றத்தின் வழியாக வரும்; மணிக்கு எவ்வளவு என்பதையும் மன்றமே நிர்ணயிக்கும். காப்பாளரின் வழக்கமான விலை அதைவிட அதிகமாயிருந்தாலும் வித்தியாசத்தைப் பெற்றோரிடம் கேட்கக் கூடாது. உணவு, அரைத்துணி போன்றவற்றுக்குக் கேட்கலாம். ஆனால் பெற்றோர் விரும்பினால்தான். இத்திட்டம் ஆண்டில் 38 வாரங்களுக்கே உரியது. மொத்தம் 1,140 மணி நேரம். அதை 52 வாரங்களுக்கும் பரப்பினால் வாரம் ஏறக்குறைய 22 மணியே வரும். இதை விளக்காமல் 'முப்பது மணி இலவசம்' என்று மட்டும் கேள்விப்பட்டு வரும் தாய், ஆகஸ்டு மாதப் பட்டியலைக் கண்டு திடுக்கிடுவாள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒன்பது மாதம் நிரம்பிய மறுநாளே உரிமை தொடங்குவதில்லை. அதற்கடுத்த பருவத்தின் தொடக்கத்தில், அதாவது ஜனவரியிலோ ஏப்ரலிலோ செப்டம்பரிலோதான் தொடங்கும். நம் உதாரணக் குழந்தைக்கு ஜனவரி 10-ஆம் நாள் ஒன்பது மாதம் நிரம்பினால், ஏப்ரல் வரை பெற்றோரே முழுப் பணமும் தர வேண்டும். அக்காலத்தில் வேறொரு சலுகை கைகொடுக்கும். பெற்றோர் தனிக் கணக்கில் செலுத்தும் ஒவ்வொரு 8 பவுனுக்கும் அரசு 2 பவுன் சேர்க்கிறது. குழந்தை ஒன்றுக்கு மூன்று மாதத்திற்கு 500 பவுன் வரம்பு. வாரம் 180 பவுனில் 144 பெற்றோர் கையிலிருந்தும் 36 அரசிடமிருந்தும் வரும். இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும் காப்பாளரிடம் பெற்றோருக்குப் பிறக்கும் நம்பிக்கை, சுவரிலுள்ள வண்ணப் படங்களால் பிறப்பதில்லை.

கேள்வி கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு

முதற் சந்திப்பில் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். காப்பாளர் பரீட்சைக்கு உட்கார்ந்தவள்போல் விடை சொல்லிக்கொண்டிருப்பாள். இது தவறு. அவளும் கேட்க வேண்டும். குழந்தைக்கு எந்த உணவு ஒவ்வாது? எப்படித் தூங்கும்? அழுதால் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? மாலையில் யார் யார் வந்து அழைத்துச் செல்லலாம்? தாய் அனுப்பியதாகச் சொல்லி அறியாத ஒருவர் வந்து நின்றால் ஒப்படைப்பதில்லை. அதற்கென்று ஒரு மறைச்சொல் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். மருந்து கொடுக்கப் பெற்றோரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் அன்றே தெரிவித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அடிக்கக் கூடாதென்பது சட்டம்.

சில கேள்விகளில் கருத்து வேறுபடும். பாட்டி சொன்னபடி குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டுமென்று ஒரு தாய் கேட்கலாம். சிசுக்களை மல்லாந்து படுக்க வைக்கும்படி பிரிட்டனில் 1991-இல் பெரும் பிரசாரம் நடந்தது. அதன் பின் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இவ்விஷயத்தில் காப்பாளர் விட்டுக்கொடுக்கலாகாது. தாயின் மனம் நோகாதபடி சொல்லத்தான் அனுபவம் வேண்டும். முதல் குடும்பத்திடமே இதைச் சொல்ல நேர்ந்தால் குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கையொப்பம் ஆனதும் குழந்தையை ஒரேயடியாக விட்டுச் செல்வதில்லை. முதல் நாள் தாயுடன் ஒரு மணி நேரம். அடுத்த முறை தாய் தெருமுனை வரை சென்று அரை மணியில் திரும்புவாள். பிறகு ஒரு காலைப் பொழுது; அதன் பின் மதிய உணவும் தூக்கமும். சில குழந்தைகள் மூன்றாம் நாளே விளையாடத் தொடங்கும். சில மூன்று வாரம் அழும். வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வையோ தாயின் வாசனையுள்ள துணியோ கொண்டு வரச் சொல்வது நல்ல பலன் தருகிறது. அந்நாட்களில் சொந்த மகனையும் கவனிக்க வேண்டும். மூன்று வயதுப் பையனுக்குத் திடீரென்று தன் வீடும் தன் பொம்மையும் தன் தாயும் பங்குபோட்டுக்கொள்ளப்படுகின்றன. எவருக்கும் தராத ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் அவனுக்கென்று மாடியில் இருப்பது நியாயம்.

இத்தொழிலில் பெரிய கஷ்டம் தனிமை. காலை முதல் மாலை வரை பேச்சுத் துணைக்குப் பெரியவர் எவருமில்லை. இதனாலேயே 1977-இல் அங்கே காப்பாளர்களுக்கென ஒரு தேசிய சங்கம் தோன்றியது. பல ஊர்களில் மாதாகோயில் மண்டபங்களில் வாரம் ஒரு காலை காப்பாளர்கள் தத்தம் குழந்தைகளுடன் கூடுகிறார்கள். ஒருத்தியின் வாசகமறிந்து மற்றொருத்தி ஒப்பந்தம் எழுதுகிறாள். தன்னிடம் இடமில்லாதபோது வந்த குடும்பத்தை அடுத்தவளிடம் அனுப்புகிறாள். இவ்வளவு இருந்தும், 2012-க்கும் 2024-க்கும் இடையே இங்கிலாந்தில் பதிவு பெற்ற காப்பாளரின் தொகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. குறைந்த வருமானமும் நிறைந்த எழுத்து வேலையும் காரணமென்று விலகியவர்கள் கூறுகிறார்கள். பொருளை ஒன்றாக வாங்கி, கணக்கை ஓரிடத்தில் எழுதி, நோயுற்றவளின் குழந்தைகளை விதிக்குட்பட்டு மற்றவள் ஏற்கும் ஒரு கூட்டுறவு ஏற்பாடு ஊருக்கு ஊர் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் நிலைத்திருப்பார்களோ என்ற எண்ணம் நமக்கு எழாமலிராது.

செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி ஒலிக்கிறது. தாய் குழந்தையின் பையைக் கொடுக்கிறாள். பால் புட்டி இரண்டு, மாற்றுடை, போர்வை. வேகமாய்ப் படியிறங்கி, வாயிற்கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். குழந்தை கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறது. நம் பெண்மணி அதை இடுப்பில் ஏந்தி ஜன்னலருகே சென்று, தெருவில் போகும் பால் வண்டியைக் காட்டுகிறாள். அழுகை வருமோ வராதோ என்றிருக்கும் அந்த வேளையிலேயே மற்றொரு கையால் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறாள். யார், எத்தனை மணிக்கு வந்தார் என்று அன்றன்றே எழுத வேண்டுமென்பது விதி. முதல் பக்கத்தின் முதல் வரியில் தேதியும் குழந்தையின் பெயரும் எழுதி, பக்கத்தில் 7-50 என்று குறிக்கிறாள்.